நாலாம் கட்டை

முழு டாங்கி அடித்தால் பாலையூற்று.
அரை டாங்கி என்றால் நாலாம் கட்டை.
அதற்கப்பால் ஒரு முழம் நகராது.
விக்கி, இருமி,
தெருவோரம் சாய்ந்துகொள்ளும்
எண்பத்தெட்டாம் ஆண்டு ஹொண்டா.

பத்து நிமிடம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகும்,
ஒன்றும் நடவாதது போல.

சீனக்குடா மாவாலையில்
ஏழரைக்குக் கைரேகை வைக்கவேண்டும்.
ஏழு நாற்பத்திரண்டு, ஏழு ஐம்பது, எட்டு மூன்று.
இந்த மாதம் என் பெயருக்கு நேரே எல்லாம் சிவப்பு.

தோஹாவிலிருந்து றெஜினோல்ட் வீடியோவில் வந்தான்.
"பிளக்கைக் கழட்டிப் பார்."
பார்த்தேன். பொறி நீலமாய்த்தான் பறந்தது.
"அப்ப காபரேற்றர்."
அதையும் கழற்றினேன், போனை வாளியில் சாய்த்துவைத்து.
"டாங்கிக்குள்ள துரு. நான் சொன்னனான்தானே."
அவன் அதைச் சொல்லவேயில்லை.

டாங்கியை இறக்கிக் கவிழ்த்தேன்.
போத்தலில் வந்த பெற்றோலின் அடியில்
தேயிலைச் சக்கை மாதிரித் துரு.
இரண்டு நாள் வரிசையில் நின்று வாங்கிய காலத்து
மிச்சமும் அதில் இருந்திருக்கும்,
மண்ணெண்ணெய் கலந்து விற்றவனின் கைராசியும்.

ஒரு பிடி சுரை, ஒரு முழம் சங்கிலி,
இரண்டு போத்தல் வினாகிரி.
இராமுழுக்க ஊறவிட்டு
விடியமுன் மடியில் வைத்துக் குலுக்கினேன்.
உப்புவெளி முழுக்கக் கேட்டிருக்கும்.
மதிலுக்கு மேலால் மெற்றில்டா எட்டிப் பார்த்தாள்:
"என்ன பிள்ளை, ஊறுகாயோ?"

கழுவி, வெயிலில் காயவைத்து,
கொக்கின் வலையைப் பழைய பல்பிரஷால் தேய்த்து
வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
ஒவ்வொரு கண்ணும் திறந்திருந்தது.

அடுத்த நாள்,
நாலாம் கட்டை.

பள்ளிக்கூடம் போன பொடியன் ஒருவன்
சைக்கிளை மெதுவாக்கிச் சொன்னான்:
"எண்ணெய்க் குதத்துக்குப் போற றோட்டில
எண்ணெய் இல்லாமல் நிக்கிறியளோ அக்கா?"
நான் காட்டுப்பக்கம் பார்த்தேன்.
அந்தப் பக்கம் எங்கோ
வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்புக் குதங்கள்,
மாடிவீட்டு உயரத்தில், துருவேறி.
அவற்றை யார் மடியில் வைத்துக் குலுக்குவது?

எண்ணெய் இருக்கிறதா என்றுதான்
மூடியைத் திறந்தேன்.

ஸ்ஸ்ஸ்…

நீளமான ஒரு மூச்சு.
வெளியே வரவில்லை.
உள்ளே போனது.

ஒரே உதை. ஸ்டார்ட்.

நிறைய அடித்தால் ஏன் கெதியில் நின்றது,
குறைய அடித்தால் ஏன் கனதூரம் ஓடியது,
எல்லாம் அந்த ஒரு சத்தத்தில் இருந்தது.
மூடியைத் தளர விட்டு ஓட்டினேன்.
மடியெல்லாம் பெற்றோல் தெறித்தது.
ஏழு இருபத்தெட்டு.
காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தான்.

சாப்பாட்டு நேரம் கொண்டை ஊசியால் நோண்டினேன்.
மூடியின் உள்பக்கம், கடுகில் பாதி ஒரு துளை.
அதற்குள் மஞ்சளாய் ஏதோ இறுகிக் கிடந்தது.
சுரண்டி மணந்தேன்.
சவர்க்காரம்.

அவன் போவதற்கு முந்தின இரவு,
கார்த்திகை மழை.
டாங்கியின் அடித்தையலில் கசிந்த இடத்தில்
சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
கையில் மிஞ்சியதை எங்கே வைத்தான் என்று
நான் அப்போது பார்க்கவில்லை.
"நான் வருமட்டும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது"
என்றான்.
போகவில்லைத்தான்.

இரவு எடுத்துக் கேட்டான்: "என்னவாம் பிழை?"
"தூசி" என்றேன்.
"நான் சொன்னனான்தானே."
"ஓம்."

சனிக்கிழமை முழு டாங்கி அடித்தேன்.
பாலையூற்று போனது. நாலாம் கட்டை போனது.
மாவாலை வாசலும் போனது.
கிண்ணியாப் பாலத்தின் நடுவில்
நானாகவே நிறுத்தினேன்.
கீழே நீர் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.
மூடியைத் திறந்து காது வைத்தேன்.
ஒரு சத்தமும் இல்லை.

வண்டியை ஒருதரம் ஆட்டிப் பார்த்தேன்.
திரும்பிப் போகக் காணும்.